மலைக் கிராமத்தில் இணையம் அறாதிருக்க

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் கூடிய பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் முன்னிலையில் நிகழ்த்திய பேச்சு)



போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ பஸ்ஸில் மலையேறி வருகிறவர்கள் ஒவ்வொரு வளைவிலும் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அடிவாரத்தில் நிறைந்திருந்த சிக்னல் கோடுகள் ஒன்றொன்றாகக் குறைந்து, ஏதோ ஒரு திருப்பத்தில் அறவே மறைந்துவிடுகின்றன. வெளியூராருக்கு அது சிறிது நேரத் தொல்லை. மலையிலேயே வாழ்கிற நமக்கு அப்படியன்று. ரேஷன் கடையில் விரல் ரேகையை இயந்திரம் ஏற்காவிட்டால், அரிசி வாங்க வந்தவர் மறுநாளும் நடக்க வேண்டியதாகிறது. கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டுமானால், அதற்குரிய விண்ணப்பம் இணையத்தின் வழியேதான் செல்கிறது. கடைசி நாள் மழை நாளாக அமைந்துவிட்டால் ஒரு வருஷப் படிப்பே வீணாகிவிடக் கூடும்.

இணைப்பு வாங்குவதைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். வாங்கிய இணைப்பு அறாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில், சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் சிலர் சேர்ந்து, இம்மலையில் ஒரு வீட்டின் முன்னறையில் சிறிய சர்வர் ஒன்றை வைத்து நடத்தி வருகிறோம். சர்வர் என்றதும் பெரிய இயந்திரம் என்று எண்ண வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் அது. இரவும் பகலும் அணையாமல் இருந்து, கேட்பவர்களுக்குக் கேட்ட கணக்கையோ பாடத்தையோ எடுத்துக் கொடுப்பதே அதன் வேலை. சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கொண்டுவந்து போடும் சாமையின் எடை, தேதி, கொடுத்த முன்பணம், தர வேண்டிய பாக்கி ஆகியவற்றை அதில்தான் எழுதி வந்தோம்.

முதல் வருஷம் கார்த்திகை மழையில் ஓர் இரவு, மின்சாரம் பல தடவை போவதும் வருவதுமாக இருந்தது. காலையில் பார்த்தால் சர்வர் எழவில்லை. கணக்கு முழுவதும் நகத்தளவுள்ள ஒரு மெமரி கார்டில் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோனதால், அதிலிருந்தவை யாவும் சிதைந்துவிட்டன. வேறு பிரதி கிடையாது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. துண்டுச் சீட்டு வைத்திருந்தவர்கள் காட்டினார்கள். சீட்டுக் கொடுக்காத இடங்களில் வாய்ச்சொல்லை நம்பினோம். ஊர் ஊராக நடந்து கணக்கைத் திரும்ப எழுதப் பல நாட்கள் ஆயின. மூதாட்டி ஒருவர், "மூட்டையைத் தலையில் தூக்கி வந்த எனக்கு ஞாபகம் இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருந்த உங்கள் பெட்டிக்கு இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. மழையையும் மின்சாரத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கியவர்கள் நாங்கள்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, சர்வருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டோம். இணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், மழை இருந்ததா, மின்சாரம் இருந்ததா, மோடத்தில் எந்த விளக்கு எரிந்தது என்று எழுதி வைத்தோம். ஒரு வருஷம் எழுதியபின் படித்துப் பார்த்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. "லைன் சரியில்லை" என்று நாங்கள் நொந்துகொண்ட நாட்களில் பெரும்பகுதி, லைன் நன்றாகவே இருந்திருக்கிறது. மின்சாரம்தான் இல்லை.

இதே அனுபவம் நமக்கு முன்னரே தேனி மாவட்டத்தில் ஏற்பட்டிருக்கிறது. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்தது. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் குழு ஒன்று, நெடுந்தூரம் செல்லும் வைஃபை இணைப்புகளால் அந்நிலையங்களைத் தேனி மருத்துவமனையுடன் சேர்த்தது. நோயாளி தம் ஊருக்கு அருகிலேயே உட்கார்ந்து, திரையில் டாக்டரைப் பார்த்துப் பேச முடிந்தது. அந்தக் குழுவினர் தங்கள் அனுபவத்தை 2008ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அலைகளைப் பற்றிய கடினமான ஆராய்ச்சிக்காக வந்தவர்கள், கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை தரமற்ற மின்சாரத்தால் விளைந்தவை என்று எழுதும்படி ஆயிற்று. பாட்டரி முற்றிலும் வடிந்துபோகாமல் காக்கும் சிறிய கருவியைப் பொருத்துவதும், அந்தந்த ஊர் ஊழியருக்கே பழுது பார்க்கப் பயிற்சியளிப்பதும் அவர்கள் கண்ட பரிகாரங்களில் முக்கியமானவை.

ஆகையால் மின்சாரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். மோடமும் ரௌட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 12 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. எங்களுடையதைப் போன்ற சிறிய சர்வர் 8 வாட் எடுக்கும். ஆக மொத்தம் 20 வாட். ஒரு நாள் முழுவதும் ஓடினால் 480 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,200 வாட்-மணி அடங்கும். ஆனால் ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் விரைவில் குறைந்துவிடும். எனவே 600 வாட்-மணியே நம் கணக்கில் சேரும். அது 30 மணி நேரத்துக்குப் போதும். பாட்டரி பழசாக ஆக இதுவும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. கரண்ட் இரண்டு நாள் வராத சமயங்கள் மலையில் உண்டாகையால், நாங்கள் இரண்டு பாட்டரிகளும், 200 வாட் சூரிய ஒளித் தகடு ஒன்றும் வைத்திருக்கிறோம். மூட்டமான நாட்களில் தகடு கொடுப்பது சொற்பமே. மழைக்காலத்தில் அதை மட்டும் நம்பியிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவற்றைக் குறிப்பிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் மோடத்தைச் செருகிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இன்வெர்ட்டர் பாட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. மோடத்தின் அடாப்டர் அதை மீண்டும் 12 வோல்ட்டாக இறக்குகிறது. ஏற்றி இறக்கும் கூலியாகவே பெரும்பங்கு போய்விடுகிறது. சுமை எதுவும் இல்லாதபோதும் இன்வெர்ட்டர் தான் ஓடுவதற்கென்று 10 வாட், 20 வாட் தின்னும். பாட்டரியிலிருந்து நேராக, அழுத்தத்தைச் சீராக்கும் சிறிய சாதனம் ஒன்றின் வழியே 12 வோல்ட்டைக் கொடுத்தால், அதே பாட்டரி ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தாங்கும். சீராக்கும் சாதனம் இல்லாமல் நேரே கொடுப்பது ஆபத்து. சார்ஜ் ஏறும்போது பாட்டரியின் அழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேலும் போகும்.

அடுத்தது இடி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மை. அதை நம்பி நாங்கள் அலட்சியமாக இருந்தோம். ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்து வரும் தட்டையான வடத்தில், இழை அறுந்துவிடாமல் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பியும் சேர்ந்து ஓடுகிறது. அந்தக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டிவிட வேண்டும். இழை மட்டுமே உள்ளே வர வேண்டும். வைகாசி மாதத்துக் கோடை மழையில் ஒரு ரௌட்டரைப் பலி கொடுத்த பிறகே இதைக் கற்றுக்கொண்டோம். மின்சாரம் வரும் வழியில் மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவியைப் பொருத்துவது நல்லது. எனினும் எர்த் சரியில்லாவிட்டால் அக்கருவி வெறும் அலங்காரம். நம் மலையில் ஓரடி தோண்டினால் பாறை. ஆகவே மண் ஆழமாக உள்ள இடமாகத் தேடி, கரியும் உப்பும் இட்ட எர்த் குழி அமைத்து, கோடையில் மாதம் இருமுறையாவது தண்ணீர் ஊற்றி வர வேண்டும். ஓலைக் கொட்டகையானாலும் மாடி வீடானாலும் இதில் வித்தியாசம் இல்லை. குரங்குகள் வடத்தில் ஊஞ்சலாடுவதற்கு மட்டும் எங்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை. வடத்தைத் தொங்கவிடாமல் இறுகக் கட்டுவதே இப்போதைக்குச் செய்யக்கூடியது.

இனி இணைப்பின் வழியைப் பார்ப்போம். ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று, கண்ணாடி இழை இணைப்போடு வேறொரு கம்பெனியின் சிம் கார்டையும் ரௌட்டரில் போட்டு வைப்பது விவேகமான காரியம். ஆனால் ஒரு கேள்வியை அவசியம் கேட்க வேண்டும். அந்த இரண்டு இணைப்பும் மலையை விட்டு எந்த வழியாக இறங்குகின்றன? செல்பேசிக் கோபுரத்துக்கு வரும் வடமும், வீட்டுக்கு வரும் வடமும் ஒரே சாலையோரத்தில், ஒரே கம்பங்களின் மேல் வருமானால், ஒரு மரம் விழுந்தால் இரண்டும் போய்விடும். பில் இரண்டு வந்தாலும் வழி ஒன்றுதான்.

நாடுகளுக்கும் இவ்வாறு நேர்ந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா துறைமுகத்துக்கு அருகில் கடலடி வடங்கள் இரண்டு ஒரே நாளில் அறுபட்டன. வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமான வடங்கள்தாம். ஆனால் அடுத்தடுத்துக் கிடந்தவை. இந்தியா உட்படப் பல நாடுகளில் இணையம் நாட்கணக்கில் தடுமாறியது. பசிபிக் கடலிலுள்ள டோங்கா நாட்டுக்கு வெளியுலகத் தொடர்புக்கு ஒரே கடலடி வடம்தான் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி எரிமலை வெடித்து அது துண்டானபோது, பழுது பார்த்து முடிக்க ஐந்து வாரங்கள் ஆயின.

இந்த இடத்தில்தான் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மத்திய சர்க்கார் 2011ஆம் ஆண்டில் ஒப்புதலளித்த தேசியக் கண்ணாடி இழைத் திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் நோக்கத்துடன் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் இத்திட்டத்தின் வடங்கள் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி வரை ஒற்றை வழியாக, வால் போல நீண்டன. நடுவே அறுந்தால் அதற்கப்பால் உள்ளவை யாவும் இருட்டு. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திருத்திய திட்டமோ, ஊராட்சிகளை வளையமாக இணைப்பதென்று கூறுகிறது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிச் செய்தி வந்துவிடும். உங்கள் ஊராட்சிக்கு வரும் வடம் வாலா, வளையமா என்று கூட்டத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். ஆலங்காயம் பக்கமும் போளூர் பக்கமும் மலைக்கு இரண்டு சாலைகள் இருக்கையில், இரண்டு வழியாகவும் வடம் இறங்க வேண்டுமென்று கோருவது நியாயமே.

கருவி தானே எழுந்து நிற்கவும் வேண்டும். இதற்கு நம் மலையிலேயே ஒரு நல்ல தொடர்பு உண்டு. நகரத்து வெளிச்சம் படாத வானத்தைத் தேடி வந்த விஞ்ஞானி வைணு பாப்பு, நம் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968ஆம் ஆண்டில் அங்கே முதல் தொலைநோக்கி வேலை தொடங்கியது. 1986ஆம் ஆண்டில் 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்து, வான்காணகத்துக்கும் அவர் பெயரே இடப்பட்டது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயிலும் ஒரு தொலைநோக்கியை வைத்திருக்கிறது. அதைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பின் மூலம் இயக்குகிறார்கள். அங்கே மின்சாரத்துக்குச் சூரிய ஒளியையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். ஆள் போய்ச் சேர முடியாத பனிக்காலத்தில் ஒரு ஸ்விட்சைப் போட யாரை அனுப்புவது? தொலைவில் வைக்கிற எந்தக் கருவிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நாம் கீழே திருவண்ணாமலைக்கு ஒரு வேலையாகப் போயிருக்கும்போது சர்வர் படுத்துவிட்டால் நம் கதியும் அதுவே.

இதற்குச் சில ஏற்பாடுகள் போதும். மின்சாரம் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானே ஓடத் தொடங்கும்படி அதன் அமைப்பில் குறித்துவிட வேண்டும். பாட்டரி தீரும் தறுவாயில், எழுதுவதை முடித்துக்கொண்டு ஒழுங்காக அணையும்படியும் செய்யலாம். கணக்குகளை மெமரி கார்டில் வைக்காமல் நல்ல எஸ்.எஸ்.டி. தட்டில் வைக்க வேண்டும். இணைப்பு நின்றால் மோடத்தை அணைத்துத் தானே மறுபடி போடும் சிறு கருவியும் இருக்கிறது. நாங்கள் அதை வாங்கி, இணைப்பு ஒரு நிமிஷம் நின்றாலே அணைத்துப் போடும்படி வைத்தோம். அறுந்தது மலையடிவாரத்தில், இந்தக் கருவியோ இரவு முழுவதும் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது! இப்போது பத்து நிமிஷம் பொறுத்து ஒருமுறை, பிறகு ஒரு மணி நேரம் கழித்து மற்றொரு முறை என்று மாற்றிவிட்டோம்.

வெளியூரிலிருந்து நம் சர்வரை அடைவதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கம்பெனிகள் கொடுத்துவிடுவதால், நாம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வருமே தவிர, புதிதாக ஒருவர் நம் வீட்டுக்குக் கடிதம் போட முடியாது. சென்னையிலோ மும்பையிலோ சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நம் சர்வரே அதனுடன் ஒரு தனி வழியைத் திறந்து வைத்திருக்கச் செய்வதே இதற்கு எளிய உபாயம். வயர்கார்டு என்னும் இலவச மென்பொருள் அதற்குப் போதும். அந்த வழி அடைபட்டுவிடாமல் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியை அனுப்பும்படி அதில் குறிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் லைன் ஒருநாள் அறும். அன்று என்ன செய்வது என்பதே எங்களுக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. விதை நெல்லைப் பட்டணத்துக் கடையில் வைத்துவிட்டு, விதைக்கும் அன்று போய் வாங்கிக்கொள்ளலாம் என்று எந்த விவசாயியும் இருப்பதில்லை. வீட்டில் குதிர் உண்டு. அதுபோல, ஊருக்குத் தினமும் வேண்டிய விஷயங்கள் ஊரிலேயே ஒரு சர்வரில் இருக்க வேண்டும். பள்ளிப் பாடங்கள், சுய உதவிக் குழுக் கணக்கு, பட்டா நகல்கள், சாமை வரவு ஆகியவற்றை அப்படி வைத்திருக்கிறோம். கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அதில் இறக்கி வைத்திருக்கிறோம். லைன் அறுந்த நாட்களிலும் வைஃபை எட்டும் தூரத்திலுள்ள பிள்ளைகள் வந்து திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ரேஷன் இயந்திரத்துக்கும் சான்றிதழ் விண்ணப்பத்துக்கும் இது உதவாது. அவற்றுக்கு வெளித் தொடர்பு வேண்டியதே.

கணக்குகளுக்கு இப்போது மூன்று பிரதிகள் உண்டு. ஒன்று சர்வரில், இரண்டாவது, வாரம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றிப் பெட்டியில் பூட்டி வைக்கும் தனித் தட்டில், மூன்றாவது மலைக்குக் கீழே. எடை போடும்போதே கையெழுத்திட்ட சீட்டும் கொடுத்துவிடுகிறோம். மாதம் ஒருமுறை இரண்டாவது பிரதியிலிருந்து ஏதாவது ஒரு குடும்பத்தின் கணக்கைத் திறந்து படித்துப் பார்க்கிறோம். திறந்து பாராத பிரதி இருக்கிறதென்று நம்ப எங்களுக்கு இனித் துணிவில்லை.

பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று கேட்பீர்கள். பத்தாவது படித்த இளம்பெண்கள் இருவர் போதும். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இருப்பார். மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வடம் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அணைத்துப் போட்டுப் பயனில்லை. உடனே புகார் செய்ய வேண்டும். பான் என்னும் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் இணையம் வராவிட்டால் ரௌட்டரைப் பார்க்க வேண்டும். விளக்கே எரியாவிட்டால் பாட்டரியைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஒரு பிற்பகலில் கற்றுத்தரக் கூடியவை. பாட்டரிக்கு வாலை வடிநீர் ஊற்றுவதும், ஐப்பசிக்கு முன் வடத்தின் மேல் சாய்ந்த கிளைகளைக் கழிப்பதும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்பதைப் பஞ்சாயத்து இப்போதே வரவு செலவுத் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். பாட்டரி செத்த பின் பணம் தேடினால் அதுவரை சர்வர் இருட்டில் கிடக்கும்.

எங்கள் சர்வரையும் பாட்டரியையும் இன்று கொண்டுவந்து வெளித் திண்ணையில் திறந்து வைத்திருக்கிறோம். நோட்டுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. தாய்மார்களில் ஒருவர் வந்து மெயின் ஸ்விட்சை அணைக்கட்டும். விளக்கு எரிகிறதா என்று எல்லோரும் பார்த்தபின், கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.